பூனையின் நெஞ்சு அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் மறுப்பு: புகார் கடிதம்

பெறுநர்
கிளைம் பிரிவு மேலாளர்,
செல்லப்பிராணி காப்பீட்டு நிறுவனம்.

பொருள்: துளைவழி (சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும்) நெஞ்சு அறுவை சிகிச்சைக்கான கிளைம் மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் பூனை சிட்டுவின் அறுவை சிகிச்சைக்குப் பணம் தர முடியாது என்ற உங்கள் கடிதம் கிடைத்தது. அதை எழுதியவர் மருத்துவ அறிக்கையைப் படிக்கவே இல்லை என்பதுதான் என் முதல் புகார். "நுரையீரலுக்குள் நீர்" என்று எழுதியிருக்கிறார். நீர் தேங்கியது நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில். அது வேறு நோய், அதற்கான சிகிச்சையும் வேறு.

ஊசி போட்டு எடுத்த நீர் பால் நிறத்தில் இருந்தது. அதிலிருந்த ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு, ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் என்று ஆய்வக அறிக்கை சொல்கிறது. இதன் பெயர் கைலோதோராக்ஸ். குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வந்து இதயத்துக்கு அருகே ரத்தத்தில் சேர வேண்டிய நிணநீர், நெஞ்சுக்குள்ளேயே கசிகிறது. எக்கோவில் இதய நோய் இல்லை, ஸ்கேனில் கட்டி இல்லை, இதயப்புழுவும் இல்லை. பல பூனைகளுக்கு இப்படித்தான், காரணம் பிடிபடாமலே வருகிறது.

ஊசி போட்டு நீரை எடுத்துக்கொண்டே இருந்தால் போதும், அறுவை சிகிச்சை உங்கள் விருப்பம் என்கிறீர்கள். அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் வந்தோம். கொழுப்பு குறைந்த உணவு, நீர் குறைவதற்காகத் தரும் ருட்டின் மாத்திரை, நீர் எடுத்தல் எல்லாம் நடந்தது. எடுத்த அன்று நிம்மதியாகத் தூங்குவாள். அப்புறம் மறுபடியும் வாயைத் திறந்து மூச்சு வாங்குவாள். ஊசி அந்த நேரத்து உயிரைக் காப்பாற்றும், கசிவை நிறுத்தாது. எடுக்கும் ஒவ்வொரு முறையும் புரதமும் நோய் எதிர்ப்பு அணுக்களும் சேர்ந்தே வெளியேறுகின்றன. அதைவிட மோசம், இந்த நிணநீர் நாள்பட்டால் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு தடித்து இறுகிவிடும். அதன் பிறகு நீரை முழுதாக எடுத்தாலும் நுரையீரல் விரியாது. காத்திருக்கச் சொல்வது அந்த நிலைக்குத் தள்ளுவதுதான்.

துளைவழி செய்ததைச் "சொகுசு முறை" என்று எழுதியிருப்பது மிகவும் வருத்தமாக இருக்கிறது. கசிவை நிறுத்தக் கட்ட வேண்டிய நிணநீர்க் குழாய் மெல்லியது. பூனைகளில் பெரும்பாலும் இடப்பக்கம் ஓடும், பல கிளைகளாகவும் பிரிந்திருக்கும். ஒரு கிளை விட்டுப்போனாலும் கசிவு தொடரலாம். நிணநீர்க் கணுவில் சாயம் செலுத்திக் குழாயைத் தெரியவைத்து, கேமராவில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் மருத்துவர் ஒவ்வொன்றாகக் கட்டினார். திறந்த முறையில் இதே வேலைக்கு விலா எலும்புகளை விரித்துப் பிடிக்க வேண்டும், வலியும் அதிகம். திறந்து செய்தால் பணம் உண்டு, சிறு துளை வழியாகச் செய்தால் இல்லை என்று பாலிசியில் எந்த வரி சொல்கிறது? நான் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு வரி இல்லை.

இதயத்தைச் சுற்றியுள்ள உறையை நீக்கியதற்கு, "இதய நோய் இல்லாததால் தேவையற்றது" என்று ஒரே வரியில் பதில். அது இதய நோய்க்காகச் செய்ததே இல்லை. தடித்த உறை இதயத்தை அழுத்தினால் சிரைகளில் அழுத்தம் கூடி, நிணநீர் வடிவது தடைபடும். அதைக் குறைக்கவே குழாயைக் கட்டும்போது உறையையும் நீக்குகிறார்கள். அறுவைக் குறிப்பிலேயே இது எழுதியிருக்கிறது.

பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்ற வாதமும் நிற்காது. தடுப்பூசிக்குப் போனபோது "மூச்சு சற்று வேகம்" என்று மருத்துவர் குறித்ததை ஆதாரமாகக் காட்டுகிறீர்கள். பயந்த பூனை மருத்துவமனையில் வேகமாகத்தான் மூச்சு விடும். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சில் நீர் இல்லை. அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

வெற்றிக்கு உறுதியில்லை என்பதையும் ஒரு காரணமாக எழுதியிருக்கிறீர்கள். சில பூனைகளுக்கு நீர் திரும்பி வரலாம் என்று மருத்துவர் எங்களிடமும் சொன்னார். உறுதி தர முடியாத சிகிச்சைக்கெல்லாம் பணம் இல்லை என்றால் காப்பீடு எதற்கு?

அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரை வைத்து இந்தக் கோப்பை மறுபடி பாருங்கள். மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் தாருங்கள். சிட்டுவுக்குத் தொடர்ந்து எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கிளைம்களையும் இந்தக் காரணம் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் அவற்றை உடனே விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிட்டுவின் உரிமையாளர்

இணைப்பு: ஆய்வக அறிக்கை, எக்கோ மற்றும் ஸ்கேன் அறிக்கைகள், பழைய எக்ஸ்ரே, அறுவைக் குறிப்பு.