ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் பக்கத்து வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று தெரிந்து போய்ப் பார்த்தேன். வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ்.ஸின் ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளர் (சுமார் 200 மில்லி) தண்ணீரில் கொட்டி, கரிக்கிறதே என்று இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்த்து, பாட்டி புகட்டிக்கொண்டிருந்தார். குழந்தையின் அம்மா என்னிடம் படித்த மாணவி. அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து போகும் சவ்வூடு பரவலைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவர். அந்தப் பாடத்துக்கும் அந்த டம்ளருக்கும் உள்ள தொடர்பை நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிறுகுடலின் உட்சுவரில் உள்ள செல்களின் சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பும் சர்க்கரையும் அதைத் தாமாகக் கடக்க முடியாது. அவற்றுக்கென்று புரதத்தால் ஆன வாயில்கள் அதில் பதிந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று, உப்பில் உள்ள சோடியம் அயனிகள் இரண்டும் குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். இப்படி ஒரு கூட்டுக் கடத்தல் நடக்கிறது என்று உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960ஆம் ஆண்டு பிராகு நகரில் எடுத்துரைத்தார். உப்பும் சர்க்கரையும் உள்ளே போனால், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இந்த ஒரு வாயிலை நம்பித்தான்.

காலராவில் நடப்பதைப் பார்த்தால் இதன் அருமை இன்னும் விளங்கும். குடல் செல்கள் தனித்து இயங்குபவை அல்ல. நரம்பு முனைகளும் அண்டைச் செல்களும் அனுப்பும் வேதிச் செய்திகளைச் சவ்வின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பிகள் வாங்கிக்கொள்ள, உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் உண்டாகிறது. அது குளோரைடு வாயிலைத் திறந்து, குடலை ஈரமாக வைத்திருக்கத் தேவையான நீரைக் கசியவிடுகிறது. செய்தி நின்றதும் வாயில் மூடிக்கொள்ளும். காலராக் கிருமியின் நச்சு, அந்த நிறுத்தும் பொறியையே முடக்கிவிடுகிறது. யாரும் செய்தி அனுப்பாமலேயே, செய்தி வந்துகொண்டே இருப்பதாக எண்ணிச் செல் நீரைக் கொட்டுகிறது. கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறும். இப்படியொரு நச்சு இருப்பதை 1959இல் கொல்கத்தாவில் முயலின் குடலைக் கொண்டு நிறுவிக் காட்டியவர் சம்புநாத் டே என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். இத்தனை கேட்டுக்கு நடுவிலும், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழையும் வாயில் மட்டும் கெடாமல் இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு இருபது, முப்பது என்றிருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவின்படி, ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், இவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட் உப்பும் உண்டு. சோடியமும் குளுக்கோஸும் சம எண்ணிக்கையில் இருக்கும்படி கணக்கிட்டு வைத்த அளவு இது. பாட்டி கலந்த டம்ளரில் உப்பு மட்டுமே இரண்டரை மடங்கு. சர்க்கரையோ அதற்கும் மேல். அடர்த்தி இவ்வளவு கூடினால், சவ்வூடு பரவல் விதிப்படியே, குடலுக்குள் உள்ள கரைசல் உடம்பிலிருந்து நீரை வெளியே இழுக்கும். போக்கு நிற்க வேண்டியதற்குப் பதிலாகக் கூடும். லிட்டருக்கு நூறு கிராமை ஒட்டிச் சர்க்கரை உள்ள குளிர்பானங்களும் இதையேதான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு ஒத்துவராத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது மிகவும் சரி. ஆனால் வீட்டுக் குவளையில் தவறாகக் கலப்பதை எந்த உத்தரவும் தடுக்காது.

பொட்டலம் கைக்குக் கிடைக்காத நேரத்தில், நீர்க்கக் காய்ச்சி அளவாக உப்பிட்ட அரிசிக் கஞ்சி கொடுக்கலாம். அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து அதே வாயிலைத்தான் அடைகிறது. கண்ணீரைவிடக் கூடுதலாகக் கரித்தால் அது குழந்தைக்கு ஆகாது.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. செல் சவ்வுப் பாடத்தின் செய்முறை வகுப்பில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு லிட்டர் தண்ணீரை அளவு ஜாடியில் அளந்து, ஒவ்வொரு மாணவரும் தம் கையால் கலந்து சுவைத்துப் பார்க்கட்டும். பக்கத்திலேயே பாதிப் பொட்டலம் கரைத்த ஒரு டம்ளரையும் வைத்து, இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கடைகளில் 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கிடைப்பதால், உறையில் அச்சிட்டிருக்கும் அளவை உரக்கப் படித்துவிட்டுக் கலக்கும் பழக்கமும் அங்கேயே வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.