ஆறாத எலும்புப் புண்ணும் அடையாளம் காணப்படாத கிருமியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் முறிந்து தகடோ கம்பியோ பொருத்தப்பட்ட காலிலும், சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் எலும்புவரை கிருமித் தொற்று பரவி, புண் மூடுவதும் மறுபடி திறந்து சீழ் வடிவதுமாக ஆண்டுக்கணக்கில் அவதிப்படுவோர் நம் ஊர்களில் பலர். அவர்களது மருந்துச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக நான்கைந்து ஆன்டிபயாடிக்குகளின் பெயர்கள் இருக்கும். எந்தக் கிருமிக்காக அவை கொடுக்கப்பட்டன என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இராது. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதுகுறித்து எழுதுகிறேன்.

இத்தகைய நோயாளிகளுக்கு, கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனையே செய்யப்படுவதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் புண்ணின் வாயில் வடியும் சீழைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு அனுப்புவதோடு அது முடிந்துவிடுகிறது. தோலிலும், எலும்பிலிருந்து தோல்வரை புரையோடிய வழியிலும் குடியேறிய வேறு கிருமிகளே அந்தக் குச்சியில் முதலில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க மருத்துவர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அறுவை சிகிச்சையின்போது எலும்பிலிருந்து எடுக்கப்பட்ட கிருமி, புரைவாய்ச் சீழில் 44 விழுக்காட்டு மாதிரிகளில் மட்டுமே காணப்பட்டது. எலும்புத் தொற்றுக்கு மிகப் பொதுவான காரணியான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் சீழில் கிடைத்தால் அதை ஓரளவு நம்பலாம் என்றும், எலும்பில் அது இருந்தவர்களிலேயே பாதிக்கும் குறைவான சீழ் மாதிரிகளில்தான் அது தென்பட்டது என்றும் அதே ஆய்வு கூறியது. இவ்வளவு காலம் கடந்தும் சீழ்க்குச்சியை மட்டும் நம்பி மருந்து தீர்மானிக்கப்படுவதைக் காணும்போது வேதனையாக இருக்கிறது.

நாட்பட்ட தொற்றில் எலும்பின் ஒரு பகுதி இரத்த ஓட்டம் இழந்து இறந்துவிடுகிறது. அங்கே மருந்து போய்ச் சேர்வதே கடினம். இறந்த எலும்பின் மீதும் உலோகத் தகட்டின் மீதும் கிருமிகள் தமக்குத் தாமே பசை போன்ற படலம் அமைத்து அதற்குள் மந்தமாக வாழ்கின்றன. அப்படி வாழும் கிருமிகளில் சில, ஆய்வகத் தட்டில் மிகச் சிறிய புள்ளிகளாக, மெதுவாகவே வளரும். இரண்டு நாளில் தட்டை எடுத்து வைத்துவிட்டால் கண்ணுக்கே படாமல் போகலாம். ஆகவே எலும்புத் துண்டையே மாதிரியாக அனுப்ப வேண்டும். அதுவும் ஒரே இடத்திலிருந்து அல்லாமல் பல இடங்களிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி கொண்டு எடுக்க வேண்டும். ஒரே கிருமி பல மாதிரிகளில் வளர்ந்தால்தான் அது நோய்க்குக் காரணமா, தோலிலிருந்து தவறி வந்ததா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும். சந்தேகம் இருந்தால் தட்டுகளை 14 நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலோ உயிருக்கு ஆபத்தோ இல்லாத நோயாளிக்கு, மருத்துவரின் முடிவுப்படி, மாதிரி எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைப்பது பரிந்துரைக்கப்படுகிறது. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அரிதாகக் கிடைக்கும் எலும்புத் துண்டு முழுவதையும், திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிட்டால் அதிலுள்ள கிருமிகள் இறந்துபோகும், பிறகு கல்ச்சர் செய்யவே வழியில்லை. ஃபார்மலின், நுண்ணோக்கியில் பார்க்கும் திசு ஆய்வுக்குரிய பகுதிக்கு மட்டுமே. மற்றதைக் கிருமி நீக்கிய கலத்தில், தாமதமின்றி ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

நம் நாட்டில் காசநோயை மறக்கவே கூடாது. முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் அது ஓசையின்றி வளரும். வழக்கமான கல்ச்சரில் வளராது. தனியே கேட்டால்தான் பரிசோதிப்பார்கள். கிருமி எதுவென்று தெரியாமல் லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாரக்கணக்கில் கொடுத்தால், காசநோய்க் கிருமியையும் அது ஓரளவு அடக்கி வைப்பதால், நோய் தற்காலிகமாகத் தணிந்ததுபோல் தோன்றி, கண்டறிவது மேலும் தள்ளிப்போகும்.

கிருமி தெரிவதால் செலவும் குறையக்கூடும். பிரிட்டனில் 1,054 எலும்பு, மூட்டுத் தொற்று நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், முதல் ஆறு வாரங்களுக்கு நரம்பூசி மருந்துக்குப் பதிலாகத் தக்க மாத்திரை கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று தெரியவந்தது. தக்க மாத்திரை எது என்பதைத் தேர்ந்தெடுக்க, கிருமியும் அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு, ஆறு வாரம் மருத்துவமனையில் கிடப்பதற்கும் வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

ஆறாத எலும்புப் புண்ணுக்கு அறுவை சிகிச்சை நடக்கும் மாவட்ட அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் எலும்பு மாதிரியைக் கல்ச்சருக்கும், காசநோய்ப் பரிசோதனைக்கும், திசு ஆய்வுக்கும் பிரித்து அனுப்புவதைக் கட்டாய நடைமுறையாக்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். கண்டறியப்பட்ட கிருமியின் பெயரையும் அது கட்டுப்படும் மருந்துகளையும் வீடு திரும்பும்போது தரும் சுருக்க அறிக்கையில் எழுதித் தர வேண்டும். நோயாளி அடுத்த மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள் அவர் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆய்வக அலுவலர்,
திருச்சிராப்பள்ளி.