பழைய சட்ட வால்யூம்களும் கம்பெனி பேப்பர்களும் யாருக்காக பூட்டி இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அரசு 2025ல இருந்து 2027 வரைக்கும் 6000 கோடி ரூபா ஒதுக்கி, 30 பதிப்பகங்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல்களை அரசு காலேஜ், யுனிவர்சிட்டி பசங்க படிக்க வழி பண்ணியிருக்கு. நல்ல விஷயம், காமர்ஸ்ல ஆராய்ச்சி பண்ற எனக்கு அதோட அருமை நல்லாவே தெரியும். ஆனா சந்தாங்கறது வாடகை வீடு, பணம் கட்டற வரைக்கும்தான் சாவி நம்ம கைல. நமக்குன்னு சொந்தமா இருக்கற பழைய சட்ட ரிப்போர்ட்டுகள் (கோர்ட் தீர்ப்புகளை தொகுத்து போட்ட வால்யூம்கள்), கம்பெனி ஆவணங்கள் எல்லாம் யுனிவர்சிட்டி லைப்ரரிகள்ல பொடிஞ்சுக்கிட்டு இருக்கே, அதுக்கு யார் காசு ஒதுக்கறது?

நான் ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கறது வ.உ.சி.யோட சுதேசி கப்பல் கம்பெனி. 1906ல 10 லட்சம் ரூபா மூலதனம்னு ஆரம்பிச்சாங்க, ஒரு ஷேர் 25 ரூபா, மொத்தம் 40,000 ஷேர். அவர் செக்கிழுத்தது எல்லாருக்கும் தெரியும், ஆனா கம்பெனிய எப்படி நடத்தினாங்க, யார் யார் ஷேர் வாங்கினாங்க, போட்டிக்கு இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி டிக்கெட் ரேட்டை குறைச்சப்போ இவங்க கணக்கு என்னாச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா சட்டமும் வேணும் வணிகமும் வேணும். 1908ல திருநெல்வேலி ஜட்ஜ் பின்ஹே வ.உ.சி.க்கு ரெண்டு ஆயுள் தண்டனை கொடுத்தாரு, ஹைகோர்ட் அதை குறைச்சது, அந்த தீர்ப்பு இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மெட்ராஸ் வரிசை 32வது வால்யூம்ல இருக்கு. அது சட்ட லைப்ரரில. கம்பெனி விதிமுறை, பேலன்ஸ் ஷீட் மாதிரி பேப்பரெல்லாம் வேற எங்கயோ. ரெண்டையும் சேர்த்து தேட ஒரு பொது கேட்டலாக் இல்ல. நான் போன ஒரு லைப்ரரில பழைய வால்யூம்களை பூட்டின ரூம்ல வச்சிருந்தாங்க, மெம்பர் இல்லாதவங்களுக்கு கிடையாதுன்னாங்க. அங்க வேலை செய்றவங்கள குறை சொல்லல, அத்தனை ரேக்குக்கும் சேர்த்து இருக்கறதே ரெண்டு மூணு பேர்தான். அந்தக் காலத்து மரக்கூழ் பேப்பர் அமிலத்தால தானாவே மஞ்சளாகி ஒடியும், பூட்டி வச்சாலும் ஒடியும்.

ஹார்வர்ட் சட்ட லைப்ரரில என்ன பண்ணாங்கன்னா, கிட்டத்தட்ட 40,000 வால்யூம்களோட முதுகை வெட்டி எடுத்து பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி, சுமார் 67 லட்சம் அமெரிக்க தீர்ப்புகளை 2018ல நெட்ல போட்டாங்க, மிச்சமிருந்த கட்டுப்பாட்டையும் 2024 மார்ச்ல எடுத்துட்டாங்க. அங்கயே பிசினஸ் ஸ்கூலோட பேக்கர் லைப்ரரில ஆர்.ஜி.டன் கம்பெனியோட 2,580 கையெழுத்து வால்யூம்களை பத்திரமா வச்சிருக்காங்க. 19வது நூற்றாண்டுல எந்த வியாபாரிய நம்பி கடன் குடுக்கலாம்னு ஊர் ஊரா எழுதி வச்ச குறிப்பு அது. பழைய குப்பைன்னு யாராவது தூக்கிப் போட்டிருந்தா அமெரிக்க வணிக வரலாற்றுல பாதி எழுதியிருக்கவே முடியாது.

நம்ம ஊர்ல காப்பிரைட் பிரச்சனை வரும்னு சிலர் பயப்படறாங்க. காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 52 படி கோர்ட்டே தடை போட்டிருந்தா ஒழிய தீர்ப்பை யாரும் வெளியிடலாம். தீர்ப்புக்கு மேல பதிப்பகங்கள் சுருக்கமா எழுதற தலைக்குறிப்புக்கு உரிமை உண்டுதான், ஆனா நான் சொல்றது நூறு வருஷத்துக்கு முந்தின வால்யூம்களை. சுப்ரீம் கோர்ட்டே 1950ல இருந்து வந்த தன்னோட ரிப்போர்ட்டுகளை 2023 ஜனவரில இலவசமா நெட்ல திறந்து விட்டுச்சு.

மெட்ராஸ் வரிசை 1876ல ஆரம்பிக்குது. உயர்கல்வித்துறை முதல்ல எந்த யுனிவர்சிட்டி, எந்த சட்டக் கல்லூரி, எந்த பிசினஸ் ஸ்கூல்ல எந்த வருஷத்து வால்யூம் என்ன நிலைமைல இருக்குன்னு ஒரு லிஸ்ட் எடுத்து வெளியிடட்டும், ஸ்கேன் பண்ற வரைக்கும் அடையாள அட்டை காட்டற எந்த வக்கீலும், எந்த பொதுஜனமும் உள்ள உக்காந்து படிக்க ஒரு ஆர்டர் போடட்டும். இதுக்கு 6000 கோடியெல்லாம் தேவையில்ல.

இப்படிக்கு,
ஒரு ஆராய்ச்சி மாணவி,
தூத்துக்குடி