சீம்பாலைப் பிழிந்து கொட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளை பிறந்ததும் தாய்க்கு முதலில் ஊறும் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பிழிந்து கொட்டிவிட்டு, சீனித் தண்ணீரிலோ தேனிலோ சேனை வைப்பதும், கழுதைப்பால் புகட்டுவதும் மதுரைப் பக்கம் இன்னும் ஓயவில்லை. கொட்டப்படுவது என்னவென்று தெரிந்தால் யாருக்கும் மனசு வராது.

கிருமி பெருக இரும்புச்சத்து வேண்டும். சீம்பாலில் உள்ள லாக்டோஃபெரின் என்ற புரதம், மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு இரும்பு அணுக்கள் வீதம் கவ்விக்கொண்டு கிருமியைப் பட்டினி போடுகிறது. ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிக்கும் இரும்பில்லாமல் பிழைப்பில்லை. சில கிருமிகளின் வெளிச்சவ்வையும் இது குலைக்கும். சீம்பாலில் இது லிட்டருக்கு 5 கிராம் அளவில் இருக்கும். பால் முதிர முதிரக் குறையும். பசும்பாலில் மிகச் சொற்பம்.

ஆனால் கிருமியும் சும்மா இருக்காது. இரும்பைப் பறித்து வர ஒரு பொருளைத் தானே சுரந்து அனுப்பும். ஆகவே ஆன்டிபயாடிக்குக்கு லாக்டோஃபெரின் மாற்று அல்ல. பிரிட்டனில் 32 வாரத்துக்கு முன் பிறந்த 2,203 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், பசுவின் லாக்டோஃபெரினைத் தனியாகக் கொடுத்தும் நோய்த்தொற்று குறையவில்லை; முடிவு 2019இல் வெளியானது. லாக்டோஃபெரின் மாத்திரை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

மாட்டுச் சீம்பாலை வெல்லம், ஏலக்காய் போட்டு அவித்துப் பெரியவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம், ருசிக்காக. அவிக்கிற சூட்டில் புரதம் உருக்குலைந்துவிடும். தாய்ப்பால் வங்கியில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்தாலே பாதிக்கு மேல் வீணாகிறது. அப்படியும், தாய்க்குப் பாலில்லாத குறைமாதக் குழந்தைக்குப் பவுடரைவிட வங்கிப் பாலே மேல்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், சிசேரியன் ஆனாலும், மார்பில் போடுங்கள். முதல் நாள் ஒரு வேளைக்குச் சில மில்லிதான் ஊறும்; பால் பற்றவில்லை என்று பதற வேண்டாம். சப்ப முடியாத பிள்ளைக்குக் கையால் பீச்சிப் பாலாடையில் புகட்டலாம். பீச்சிய பாலை அடுப்பில் காய்ச்சக் கூடாது. குளிர்ந்திருந்தால் கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும். மதுரை வெயிலுக்கு வெளியில் நான்கு மணி நேரம் வைப்பதே அதிகம்.

இரும்பு கிருமிக்குத் தீனி என்று படித்துவிட்டுத் தாய்மார்கள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது; இரத்தசோகை அதைவிட ஆபத்து. பச்சிளம் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

— பச்சிளம் குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர், மதுரை