மாத்தளை மலைக்குப் போன வன்னிச் சைக்கிள்கள்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் மனிசி பிள்ளைகளும் நலமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைத்தபோது, "சமதரையில் வளர்ந்த பிள்ளைகளை மலைச் சைக்கிள் ஓட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல முதல் லைன் அறுந்து போச்சு. இப்போது போய் வந்தாச்சு. ஆறுதலாய் எழுதுகிறேன்.

ஓட்டம் மாத்தளைக்கு மேலே, ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலை மலைகளில். விடிய 6 மணி தொடக்கம் பின்னேரம் 6 மணி வரை, 12 மணித்தியாலம். அணிக்கு நாலு பேர். ஒருவர் ஒரு சுற்று ஓடி வந்து கையில் கட்டிய பட்டியைக் கழற்றிக் கொடுக்க, அடுத்தவர் வெளிக்கிட வேண்டும். சுற்று 9 கிலோமீற்றர்தான். ஆனால் பாதித் தூரம் ஏற்றம், மிச்சம் கல்லும் வேரும் நிறைந்த இறக்கம். 12 மணித்தியாலத்துக்குள் எந்த அணி கூடுதலான சுற்று ஓடுகிறதோ அதற்கு வெற்றி.

எங்கள் நாலு பேரில் பெடியங்கள் மூன்று பேர். ஒருவன் மல்லாவி, ஒருவன் மாங்குளம், ஒருவன் விசுவமடு. நாலாவது முள்ளியவளைப் பிள்ளை. அந்தப் பிள்ளையோடு அவளின் அக்காவும் வந்தார். அக்கா வராவிட்டால் அனுப்ப மாட்டேன் என்று தாய் முதலே சொல்லிவிட்டார், அது நியாயம்தான். நான் வான் ஓட்டவும் சைக்கிள் திருத்தவும் போனேன்.

ஏற்றம் பழக எங்கே போனோம் என்று நீ யோசிப்பாய். இரணைமடுக் குளக்கட்டின் சரிவில் ஏறி இறங்கி, திரும்பவும் ஏறி இறங்கிப் பழகினார்கள். மிச்சத்தைக் காற்றுப் பார்த்துக்கொண்டது. சோளகம் எழும்பின நாட்களில் பரந்தனிலிருந்து பூநகரிக்கு மிதித்துப் பார்த்தவனுக்குத் தெரியும். ஏற்றத்துக்கு ஒரு உச்சி இருக்கும், அங்கே போனால் மூச்சு விடலாம். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது, பூநகரி வரை விடாது. பிறகு, கனகராயன் ஆறு வற்றின காலத்தில் ஆற்று மணலுக்குள் ஓடவிட்டேன். மணலில் பலத்தைக் காட்டினால் சில்லு புதையும். ஒரே சீராய், ஆத்திரப்படாமல் மிதித்தால்தான் சைக்கிள் நகரும். நீண்ட நேர ஓட்டத்துக்கு வேண்டியதும் அந்தச் சீர்தான். முதல் சுற்றில் பறக்கிறவன் ஆறாவது மணித்தியாலத்தில் களைத்து இருந்துவிடுவான். எங்கள் பிள்ளைகள் பறக்கப் பழகவே இல்லை, ஆனபடியால் எனக்குப் பயமும் இல்லை.

பயம் எல்லாம் இறக்கத்தில்தான். வன்னியில் இறக்கம் பழக இடமே இல்லை. குளக்கட்டில் நாலு செக்கனில் இறங்கி முடிந்துவிடும். மலையில் பத்து நிமிசம் பிறேக்கைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

வானின் மேலே சைக்கிள்களைக் கட்டி விடியப்புறம் வெளிக்கிட்டோம். முறிகண்டியில் நிற்பாட்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டோம். அது நீ இருந்த காலத்தில் போலவே இருக்கிறது, சுடச்சுட மணலில் வறுத்த கச்சான். மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் எல்லாம் தாண்டி ஓமந்தையும் வந்துவிட்டது. பெடியங்கள் நித்திரை. நான் மட்டும் வேகத்தைக் குறைத்து, முந்திச் சோதனைச் சாவடி இருந்த இடத்தைப் பார்த்தேன். 2002இல் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்தபோது நீயும் நானும் வவுனியாவுக்குப் போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சோதனைச் சாவடியில் எங்கள் பொழுதே போனது. 2006 ஆகஸ்டில் திரும்பவும் பாதையைப் பூட்டினார்கள். இப்போது அதே வீதியில், மேலே சைக்கிள் கட்டின வானில், ஒருவரும் மறிக்காமல் இந்தப் பிள்ளைகள் நித்திரையாய்ப் போகிறார்கள். அவர்களை எழுப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உனக்குத்தான் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மதவாச்சியில் மன்னார் வீதி வந்து சேரும் சந்தியில் தேத்தண்ணி குடித்தோம். அங்கே விசுவமடுப் பெடியன் சேட்டுப் பையிலிருந்து சின்னத் துணி முடிச்சு ஒன்றை எடுத்துக் காட்டினான். உள்ளே சில்லறை. மாத்தளை முத்துமாரி அம்மனுக்குப் போடச் சொல்லி அவனுடைய அம்மம்மா கொடுத்துவிட்டாராம். அவர் மாத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தோடு குடும்பமாய் வன்னிக்கு வந்தவர்கள், பிறகு திரும்பிப் போகவில்லை. நான் அவனுக்கு அந்தச் சந்தியிலேயே வைத்துச் சொன்னேன்: தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து 1823 தொடக்கம் கொண்டுவந்த சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வெட்டி வழி பிடித்து மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் கணக்கில்லை. 2023இல் இருநூறு வருசம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் திரும்பவும் நடந்து போனார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. மாத்தளைக்குப் போனதும் தேருக்குப் பேர்போன அந்தக் கோயிலில் முதல் ஆளாய் இறங்கி, முடிச்சோடேயே உண்டியலில் போட்டான்.

சரி, இனி மாங்குளத்துப் பெடியனின் கதை. இதை எழுதத்தான் முக்கியமாய் இருந்தேன்.

ஓட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் பாதையைப் பழக ஒரு சுற்று விட்டார்கள். தேயிலைக்குக் கீழே புல்வெளி ஒன்றுக்குள்ளால் ஒற்றையடிப் பாதை. பின்னால் வேகமாய் வருகிறவர் சத்தம் கொடுத்தால் முன்னால் போகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும், அது மலைச் சைக்கிள் ஓடுகிறவர்களின் ஒழுங்கு. நான் வளைவு ஒன்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து ஒருவர் சத்தம் கொடுத்தார். எங்கள் பெடியன் உடனே நின்றான், ஆனால் ஒதுங்கவில்லை. ஒரு சாண் தள்ளிப் புல். அதில் கால் வைத்தால் போதும். அவன் வைக்கவில்லை. சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பி இடம் விட்டான். பின்னால் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள், ஒருவர் ஏசவும் ஏசினார். அவன் சப்பாத்து பாதை விளிம்பிலேயே நின்றது. புல்லில் படவே இல்லை.

ஏன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண்ணிவெடி இருக்கிறது என்று சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறி வைத்திருந்த காணிகளுக்கு நடுவாலே பள்ளிக்கூடம் போன பிள்ளை. ஆட்கள் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு இறங்காதே என்று வீட்டிலும் வகுப்பிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். வன்னியில் பழகும்போதும் நான் அதே சட்டம்தான் வைத்திருக்கிறேன்: குளக்கட்டு, வாய்க்கால் வீதி, மாட்டுவண்டித் தடம், அதற்கு வெளியே சில்லு போகக்கூடாது. காட்டுக்குள் வடிவான தடம் தெரிந்தாலும், ஊராட்களிடம் கேட்காமல் போகக்கூடாது. பொழுதுபட்டால் யானை என்பதால் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலும் ஓடுவதில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டு, "தம்பி, இது வேறு மண். இங்கே ஒன்றும் புதைத்து இல்லை. புல்லில் இறங்கலாம்" என்றேன். "தெரியும் அண்ணை. கால்தான் கேட்குதில்லை" என்றான். எனக்கு நெஞ்சு அடைத்துப் போச்சு, மச்சான். அவன் படுத்த பிறகு நான் மட்டும் அந்தப் புல்வெளிக்கு ரோச் அடித்துக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் நடந்து பார்த்தேன்.

அடுத்தநாள் விடிய மழை. முதல் சுற்றை மல்லாவிப் பெடியன் ஓடினான். இறக்கத்தில் பயப்பட்டு மற்றவர்களைவிட நேரம் எடுத்தான், ஏற்றத்தில் பாதியைத் திரும்பப் பிடித்தான். ஏற்றத்தில் எங்கள் நாலு பேரும் ஒருவருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்பதை அந்த ஒரு சுற்றிலேயே கண்டுகொண்டேன். காற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு வேலை பிறேக்கோடுதான். இரண்டு சைக்கிளுக்கு டிஸ்க் பிறேக், மற்ற இரண்டுக்கும் ரிம்மைப் பிடிக்கிற பழைய வகை. மழைச் சேறு அரத்தூள் மாதிரி. ரிம்முக்கும் பிறேக் கட்டைக்கும் நடுவில் அகப்பட்டு, இறக்கத்துக்கு இறக்கம் கட்டையைத் தின்கிறது. மல்லாவியான் இரண்டாம் சுற்று முடித்து வந்தபோது கட்டை தேய்ந்து உள்ளிருந்த இரும்பு தெரிந்தது, ரிம்மில் கோடு விழுந்திருந்தது. கொண்டுபோன கட்டைகள் மத்தியானத்தோடு முடிந்தன. பக்கத்தில் நின்ற கண்டி அணிக்காரர் ஒருவர் கேட்காமலேயே இரண்டு சோடி கொண்டுவந்து தந்தார். செயினுக்கு மண்ணெண்ணெயும் பழைய பல்தூரிகையும்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் போனபோது நாங்கள் பழகின கைவேலை அது. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோமே. பெடல் கட்டையைக் கையால் சுற்றும்போது எனக்கு அந்தச் சத்தம் காதில் வந்தது.

சாப்பாட்டில் நான் கண்டிப்பு. கடுமையாய் மிதித்தால் உடம்பில் சேர்த்து வைத்த சக்தி ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் காணும். பசித்த பிறகு சாப்பிட்டால் காலில் போய்ச் சேர நேரமாகும். அதனால் ஒவ்வொரு சுற்று முடியவும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் இரண்டு பயத்தம் உருண்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கோப்பை ஜீவனி, அதுதான் உப்புச் சீனிக் கரைசல். முள்ளியவளைப் பிள்ளை, பனம்பழச் சாற்றைக் காயவைத்துச் செய்கிற பினாட்டைச் சின்னச் சின்னத் துண்டாய் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதை வாயில் ஒதுக்கிக்கொண்டே ஏறினாள். மற்ற அணிக்காரர் கேட்டு வாங்கி ருசி பார்த்தார்கள்.

ஓட்டப் பாதை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயம் ஒன்றின் வாசலால் போகிறது. மத்தியானத்துக்குப் பிறகு மழை விட, தோட்டத்துச் சனம் முழுக்க வெளியே வந்து நின்று கை தட்டினார்கள். விசுவமடுப் பெடியன் அவ்விடத்தில் செயின் கழன்று நின்றபோது ஒரு அம்மா, "எங்கேயிருந்து வாறீங்க தம்பி?" என்று கேட்டிருக்கிறார். கிளிநொச்சி என்றதும், "எங்க சித்தப்பா குடும்பம் அங்கதான் போச்சு" என்று சொல்லி, அவன் செயினைப் போட்டு முடியும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அடுத்தடுத்த சுற்றிலும் அவர் அதே இடத்தில் நின்றார். பெடியன் பேர் கேட்கவில்லை, அம்மம்மாவிடம் என்ன சொல்வது என்று இப்போது கவலைப்படுகிறான். திரும்பவும் போவோம், கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மாங்குளத்தான் முதல் சுற்றிலும் பாதையை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் சுற்றில் என்ன நடந்தது என்று தெரியாது. மூன்றாம் சுற்று முடித்து வந்து பட்டியைக் கழற்றிக் கொடுத்தபோது முழங்கால் வரை புல்விதை ஒட்டியிருந்தது, இரண்டு காலிலும் அட்டை தொங்கியது. "அண்ணை, இறங்கிட்டன்" என்று சொல்லிச் சிரித்தான். உப்பைத் தடவி ஒவ்வொரு அட்டையாய் எடுத்தேன். அவன் சிரிப்பு நிற்கவில்லை.

21 அணியில் ஒன்பதாவதாய் வந்தோம். முதல் தடவைக்கு அது நல்ல இடம். முள்ளியவளைப் பிள்ளையின் கடைசிச் சுற்றுத்தான் எங்கள் அணியின் வேகமான சுற்று. அவளுடைய தாய்க்கு அன்று இரவே போன் எடுத்துச் சொன்னேன்.

நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான், மச்சான். நீயும் நானும் போக்கிடம் இல்லாமல் மிதித்தோம். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளாலிக் கடல்நீரேரி கடந்து வந்த சனத்துக்குச் சைக்கிள்தான் வீடு. 2009இல் போர் முடிகிற நேரம், வட்டுவாகல் பாலத்தைக் கடக்க முதல் சனம் விட்டுவிட்டு வந்த சைக்கிள்கள் முள்ளிவாய்க்காலில் குவிந்து கிடந்து துருப்பிடித்ததைப் பார்த்தவன் நான். என்னுடையதும் அதற்குள்தான் கிடந்தது. இந்தப் பிள்ளைகள் ஆசைக்காக மிதிக்கிறார்கள். ஒருவரும் துரத்தாமல், களைத்து விழும்மட்டும் மிதித்துவிட்டு, இன்னும் ஒரு சுற்று விடுவார்களா என்று கேட்கிறார்கள். அதைப் பார்க்க நான் எந்த மலைக்கும் வான் ஓட்டுவேன்.

காசு அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாய். காசு வேண்டாம், சாமானாய்க் கொண்டுவா. ஆகஸ்டில் நீ வரும்போது டிஸ்க் பிறேக் கட்டை ஆறு சோடி. ரிம் பிறேக்கை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், ஆனபடியால் பாவித்த டிஸ்க் பிறேக் செற் இரண்டு அங்கே மலிவாய்க் கிடைத்தால் பார். செயின் தேய்வு அளக்கிற கருவி ஒன்று. முள்ளியவளைப் பிள்ளைக்கு ஹாண்டிலில் பூட்டுகிற நல்ல லைட் ஒன்று, அடுத்த வருசம் இரவிலும் ஓடுகிற ஓட்டம் ஒன்றுக்குப் போக வேண்டும் என்கிறாள். பிறேக் கட்டை வாங்க முதல் எனக்கு ஒரு தகவல் போடு, எந்த வகை என்று படம் எடுத்து அனுப்புகிறேன். ஒன்றுக்கொன்று பொருந்தாது.

மனிசிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்