பேரைக் கேட்டு எழுது

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வேறு விசேஷம் இல்லை.

மூன்று கிழமைக்கு முன்னால் நீ அனுப்பிய மெசேஜுக்குத்தான் இந்தக் கடிதம். சட்டம் படிக்கிற பிள்ளைகள் சம்பளமில்லாமல் ஏழைகளுக்கு வேலை செய்ய எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டு தடவை போன் எடுத்தேன். சரி, வேலையாக இருந்திருப்பாய். ஒரு விஷயத்தை மட்டும் உன்னிடம் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

முதல் இடம் சட்ட உதவி ஆணைக்குழு. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தலைமை அலுவலகம் புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உன் போர்டிங்கிலிருந்து ஒரே பஸ். வெளி மாவட்டங்களிலும் நீதிமன்றங்களை ஒட்டிக் கிளைகள் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பேசுவார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, விடுமுறைக்கு வரும்போது அங்கே கேட்கலாம். உன் பீடத்திலேயே யார் இதைப் பார்க்கிறார்கள் என்றும் விசாரி. விரிவுரையாளர் ஒருவருடைய கடிதத்தோடு போனால் கதவு சீக்கிரம் திறக்கும்.

விண்ணப்பத்தை ஒரே பக்கத்தில் எழுது. எந்த வருடம், எந்தப் பாடங்கள் முடிந்தன, கிழமையில் எந்த நாள், எத்தனை மணித்தியாலம், எந்தத் திகதி வரை. தமிழும் சிங்களமும் எழுத வாசிக்கத் தெரியும் என்பதை முதல் வரியில் போடு. அதுதான் உன்னிடம் இருக்கிற பெரிய சொத்து. கொழும்புப் பிள்ளைகள் பலரிடம் அது இல்லை. சின்ன வயதில் அந்த சிங்கள டீச்சரிடம் உன்னை மழையில் இழுத்துக்கொண்டு போனதற்கு நீ அழுதாய், ஞாபகம் இருக்கும்.

கிழமைக்கு 6 மணித்தியாலம். அதற்கு மேல் வேண்டாம். படிப்பு முதலில்.

என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள். நீ இன்னும் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யவில்லை. நீதிமன்றத்தில் யாருக்காகவும் எழுந்து நிற்க முடியாது. சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்த முடியாது, அதற்குச் சமாதான நீதவானோ சத்தியப்பிரமாண ஆணையாளரோ வேண்டும். "உங்கள் வழக்கு வெல்லும்" என்று வாயால்கூடச் சொல்லாதே. உனக்கு மேலே ஒரு சட்டத்தரணி இருக்க வேண்டும், நீ எழுதுகிற ஒவ்வொரு கடதாசியையும் அவர் பார்த்த பிறகுதான் அது வெளியே போக வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் சேராதே, எவ்வளவு நல்ல மனிதர்களாக இருந்தாலும். ஆனால் வருகிறவரிடம் விபரம் கேட்டு எழுதுவது, நடந்ததைத் திகதி வரிசையில் அடுக்குவது, கடதாசிகளைச் சேர்ப்பது, மொழிபெயர்ப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் உன் வேலை. வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் கெடுகின்றன. கோட்டுப் போட்டவர் பேசுகிற இடத்துக்கு வருமுன்பே கெட்டுப்போயிருக்கும்.

ஆள் வந்து உட்கார்ந்ததும் முதலில் திகதியைக் கேள். கதையைப் பிறகு கேட்கலாம். வேலையை விட்டு நிறுத்தினார்களா? தொழில் நியாயசபைக்கு 6 மாதத்துக்குள் போக வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் பேசித் தீர்ப்பார் என்று காத்திருந்து, அந்த 6 மாதமும் ஓடிப்போன பிறகு வருகிறவர்கள்தான் அதிகம். பொலிஸில் அடித்தார்களா? அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரே ஒரு மாதம், அதுவும் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலம் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், 13 ஆம் பிரிவு. முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அத்தாட்சியும் கேட்டு வாங்கச் சொல். இதெல்லாம் நீ படித்திருப்பாய். ஆனால் நம் சனங்கள் திகதியை "தீபாவளிக்கு முந்தி", "காமன் கூத்து முடிந்து" என்றுதான் சொல்வார்கள். அதைக் கலண்டர் திகதியாக மாற்றத் தெரிந்த ஆள் அந்த அலுவலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

வேலையை விடும்போது தோட்டம் கொடுக்க வேண்டிய சேவைக்காலப் பணம் பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், கொப்பியில் எழுதிக்கொள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். 5 வருடம் முடித்திருக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளம். 32 வருடம் கொழுந்து எடுத்தவர் 1350 ரூபா நாட்சம்பளத்தில் நின்றார் என்று வை. 32 ஐ 14 ஆல் பெருக்கினால் 448 நாள். அதை 1350 ஆல் பெருக்கினால் 6,04,800 ரூபா. பிழை எங்கே வரும் என்றால், ஆரம்பத்தில் கைக்காசுக்கு வேலை செய்த வருடங்களை விட்டுவிடுவார்கள், அல்லது பழைய சம்பளத்தில் கணக்குப் போடுவார்கள். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகமாக 10 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 30 வீதம் வரை போகும். இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வருவார்கள்.

சம்பளத்தோடு சேர்ந்து வருகிற சேமலாப நிதி வேறு. தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம். அதோடு நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம். வேலையை விட்ட பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். சேமலாப நிதி அங்கத்தவருக்கான பி அட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பணம் எடுக்க விண்ணப்பிக்கிற கே படிவம். இந்த நாலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேரைப் பார். எழுத்தெழுத்தாகப் பார். அடையாள அட்டையில் ராமாயி, பி அட்டையில் ராமாய், பிறப்புச் சான்றிதழில் ராமாயி அம்மாள், அப்பாவின் பேர் ஒன்றில் முத்தையா, இன்னொன்றில் முத்துசாமி. அங்கே பணம் நின்றுவிடும். பிறப்புச் சான்றிதழே இல்லை என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவு, அதுவும் முடியாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ். பேர் வித்தியாசத்துக்கு இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி. அதோடு தோட்டத்துக் கடிதமும் பழைய சம்பளத் துண்டும் சேர்ந்தால்தான் பலம். அடையாள அட்டை எடுக்கும்போது தோட்டத்து ஆட்களுக்குத் தோட்ட நிர்வாகியான துரைதான் அத்தாட்சிப்படுத்துவார், கிராம சேவகர் இல்லை. துரை லீவு என்று நாலு தடவை திருப்பி அனுப்பினால் அந்த நாலு திகதியையும் எழுதி வை.

ஆகவே பேரை நீயாக எழுதாதே. கேட்டு எழுது, எழுதியதை வாசித்துக் காட்டு, வீட்டில் கூப்பிடுகிற பேர் என்ன, தோட்டத்துச் சம்பளப் புத்தகமான செக்ரோலில் என்ன பேர் என்று இரண்டையும் கேள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியாது. உன்னிடம் சொன்னதில்லை. அந்தப் பேர்களில் பலதை எழுதியது என் கை. 1992 இல் தோட்டங்கள் கம்பெனிக்குக் கைமாறியபோது பழைய புத்தகத்திலிருந்து புதிய புத்தகத்துக்கு கிளாக்கராக இருந்த நான்தான் இறக்கினேன், இங்கிலிஷில், காதில் விழுந்தபடி. ஆளைக் கூப்பிட்டுக் கேட்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. கேட்டிருக்கலாம். லயத்து வரிசை வீட்டு ஆட்களின் பேர் எப்படி இருந்தால் என்ன என்று மனதுக்குள் இருந்தது, அதுதான் உண்மை. அவர்கள் இன்று வயதாகி, தொழில் திணைக்களத்துக்கும் தோட்டத்து ஒஃபீசுக்கும் அலைகிறார்கள். என்னைக் கண்டால் இன்னும் "ஐயா" என்று கும்பிடுகிறார்கள். எனக்குக் கண் கொடுத்துப் பார்க்க முடியவில்லை, மகளே.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 இன் 12 ஆம் இலக்கம். மாணவர்கள் இதில்தான் அதிகம் செய்யலாம், ஏனென்றால் விண்ணப்பத்துக்குச் சட்டத்தரணி தேவையில்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். ராமாயி தன் பேரில், தன் சேமலாப நிதிக் கணக்கில் எந்த எந்த மாதம் பணம் போடப்பட்டது என்று கேட்கட்டும். அவருடைய சொந்த விபரத்தை அவரே கேட்கும்போது தனிப்பட்ட தகவல் என்று மறுக்க முடியாது. கேள்வியைச் சின்னதாக, ஒவ்வொன்றாக எழுது. "எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கு. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரிக்கு, அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. மறுபடியும் சொல்கிறேன், திகதியை எழுது.

தகராறைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்கு ஆளோடு போகச் சொன்னால், அங்கே சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. பயப்படுவார்கள்.

வீட்டில் அடி வாங்குகிற பெண் வந்தால் வேகமும் வேண்டும், மிகுந்த கவனமும் வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கும், 12 மாதம் வரை. அதை சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். உன் வேலை வேறு. அவர் தந்த நம்பருக்கு யோசிக்காமல் போன் எடுக்காதே, லயத்தில் போன் பல கைகளில் இருக்கும். எத்தனை மணிக்கு, யார் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று முதலே கேட்டு வை. மாமியாரை வெளியே உட்கார வை. மொழிபெயர்க்க அதே தோட்டத்து ஆளைக் கூப்பிடாதே. பொலிஸில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா என்று கேள். இல்லை என்றால் அதையும் எழுது.

முகாம் வைக்கிறார்கள் என்றால் நாளைப் பார்த்து வைக்கச் சொல். கிழமை நாளில் வைத்தால் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். பேர் என்றால் என்ன என்று கொழும்புப் பிள்ளைகளுக்கு நீதான் சொல்ல வேண்டும். அரைப்பேருக்காக எத்தனை பேர் மலையில் நின்றார்கள் என்று நீ பார்த்து வளர்ந்தவள். ஞாயிறு அல்லது பௌர்ணமி விடுமுறையான போயா நாள் நல்லது. கோவிலடியில் வை, தோட்டத்து ஒஃபீஸில் வேண்டாம், அங்கே வாய் திறக்க மாட்டார்கள். கடதாசிகளை பொலித்தீன் பையில் கொண்டு வரச் சொல், மழை. மூலப் பிரதியை நீ வைத்துக்கொள்ளாதே, போட்டோ எடுத்துவிட்டு அங்கேயே கையில் திருப்பிக் கொடு. பிறகு போய் முடிவைச் சொல்லாத முகாமை வைக்கவே வேண்டாம். எழுதிக்கொண்டு போனார்கள், அதோடு சரி என்று சனங்கள் எத்தனை தடவை சொல்லிவிட்டார்கள்.

கிழமைக்கு 6 மணித்தியாலம் என்று மேலே எழுதினேன். சேர்ந்த நாளிலிருந்து மணித்தியாலங்களை ஒரு தாளில் எழுதி, கிழமைக்குக் கிழமை சட்டத்தரணியிடம் கையெழுத்து வாங்கு. கடைசியில் கேட்டால் தர மறப்பார்கள். இந்த வேலை படிப்புக்குப் பதிலாக இல்லை. அப்படி ஒரு எண்ணம் உனக்கு இருந்தால், இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, என்னிடம் சொல். ஒரு பாடத்தைத் திரும்ப எழுதலாம். அதற்குக் காசு இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா கறுப்புக் கோட்டு எப்போது என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அவர் கேட்கட்டும். நான் நீ போன வருடம் எழுதிக் கொடுத்த அந்தப் பெட்டிஷனின் நகலை இன்னும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, நான் பிழையாக இறக்கிய பேர்களை ஞாபகம் வரவர எழுதுகிறேன். இடது பக்கம் புத்தகத்தில் போட்ட பேர், வலது பக்கம் கூப்பிடுகிற பேர், தோட்டத்தில் எந்த டிவிஷன், அப்பா பேர். இதுவரை 41 பேர். இவர்களுக்காக, அந்தப் புத்தகத்தை எழுதிய கிளாக்கர் நான்தான், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கொடுக்கத் தயார். எத்தனை கடதாசி என்றாலும் பரவாயில்லை. அதை எந்த மாதிரி எழுத வேண்டும், 41 பேருக்கும் தனித்தனியாகவா என்று உன் சட்டத்தரணியிடம் கேட்டு எழுது. நான் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை ராத்திரி 8 மணிக்கு அம்மா போன் எடுப்பாள். எடுத்துப் பேசு. பரீட்சை பற்றி அவள் கேட்க மாட்டாள்.

அப்பா