குடும்ப அறையில் காலிப் பெட்டிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் வண்டி வண்டியாகப் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழகத்தில், 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொள்ளாச்சிக்காரர்கள் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு வருவதில் வியப்பில்லை. மாதத்தின் முதல் தேதி காற்று திசை மாறும். இங்கே பார்கள் பொதுவாக மூடியிருப்பதால் நம்மவர்கள் தமிழக எல்லையிலுள்ள கோபாலபுரம் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். அது அவரவர் பாடு.

என் குறை சாப்பாட்டைப் பற்றியது. கள்ளுக்கடையில் கிடைக்கும் மரவள்ளிக்கிழங்கும் காரம் தூக்கலான மத்திக் குழம்பும் ஊரில் வேறெந்த உணவகத்திலும் அமையவில்லை. எதையும் எளிதில் பாராட்டாத என் மாமியாரே ஒப்புக்கொண்டது இது. அவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சென்ற வாரம் ஒரு கடைக்குப் போனேன். 'குடும்ப அறை' என்று மலையாளத்தில் பலகை தொங்குகிறது. திரையை விலக்கினால் கூரைவரை காலிப் பாட்டில் பெட்டிகள். இருந்த ஒரே பெஞ்சுக்கு மூன்று கால், நான்காவதற்குச் செங்கல். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கடைசியில் ஆட்டோவில் உட்கார்ந்து, இலைப் பொட்டலத்தை மடியில் பிரித்துத்தான் மாமியார் சாப்பிட்டார். குழம்பு அப்போதும் நன்றாகத்தான் இருந்தது!

உரிமம் கொடுப்பவர்கள் அந்தத் திரையையும் ஒருமுறை விலக்கிப் பார்க்க வேண்டும். தமிழர்கள் இவ்வளவு பேர் வாழும் ஊரில் விலைப்பட்டியலைத் தமிழிலும் எழுதி வைக்கலாம்.

ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை